காலிப் பட்டியலுக்கு நான் எழுதிய விளக்கம்

இந்த வாரம் கையேடு எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பிரபு என்னைக் கேட்டார். பிரபு யார் என்று உங்களுக்குத் தெரியும், சம்பளம் போடுகிறவர். "நல்ல கையேடு எழுதறது எப்படின்னு ஒரு பத்து பாயிண்ட் குடுங்க எஸ்தர் மேடம், போதும்" என்றார். பத்துப் பாயிண்ட்டை எந்த ஏஐயிடம் கேட்டாலும் மூன்று விநாடியில் தந்துவிடும், அதுவும் என்னைவிட நறுக்கென்று. போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். கிழக்குத் தாம்பரத்தில் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மீதி நேரம் வெட்டியாக இருக்கிறேன். அதனால் நான் மண்ணைக் கவ்விய கதையைச் சொல்கிறேன். அதை எந்த ஏஐயும் உங்களுக்குச் சொல்லாது.

முதலில் ஒரு சின்னக் கதை. பிரபுவிடம் வருவதற்கு முன்னால் பல வருஷம் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு கையேட்டில் 'திருகாணியை லேசாகத் திருப்பவும்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் இயந்திரம் ஓட்டுகிறவர் ஒருவர், கையெல்லாம் எண்ணெயோடு, நேராக என் மேசைக்கே வந்து நின்றார்.

"இன்னா மேடம், லேசா திருப்புன்னு எழுதிகீற? என் லேசு வேற, அந்த ஷிஃப்ட்டுக்காரன் லேசு வேற. அவன் லேசா திருப்பி ரெண்டா ஒடைச்சு வெச்சிகினு போய்ட்டான். இப்ப பேஜாரு யாருக்கு?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரோடு போய், எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்து, 'கால் சுற்று' என்று மாற்றினேன். அந்த மனிதரை அன்றைக்குத் திட்டிக்கொண்டே போனாலும், பிற்பாடு நினைத்து நினைத்து நன்றி சொல்லியிருக்கிறேன். தவறாக எழுதினால் வந்து கத்துவதற்கு ஓர் ஆள் இருப்பது பெரிய பாக்கியம். நீங்கள் எழுதப்போவதைப் படிக்கிறவர் அப்படி வந்து கத்த மாட்டார். நம் தொழிலில் இப்போது வந்திருக்கும் மாற்றம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பழைய சோறுதான்.

இனி என் பெரிய கதை. பெருங்களத்தூரில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே முதல் மாடியில்தான் நடந்தது.

நாம் செய்கிற கருவியைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். எனக்கு விளங்கிய மாதிரி நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயத்தின் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று, கையில் இருப்பதைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கிப் பந்தயம் கட்டுகிறார்கள். விலை எதிர்ப்பக்கம் போய்ப் பிணை கரைந்துவிட்டால், சந்தை அந்த ஆளிடம் கேட்காமலே அவருடைய பேரத்தை முடித்துவிடும். அதற்குத்தான் லிக்விடேஷன் என்று பெயர். ஒருவருடையதை முடித்தால் விலை இன்னும் சரியும், அதனால் அடுத்தவருடையது முடியும், அப்படியே மளமளவென்று போகும். எந்தச் சந்தையில் எத்தனை லிக்விடேஷன் நடந்தது என்று எடுத்துக் கொடுப்பது நம் கருவி. அதைக் கூப்பிட்டுக் கேட்பது மனிதர் இல்லை, ஏஜென்ட். அதாவது கருவிகளைத் தானே எடுத்துப் பயன்படுத்தி, தன் எஜமானருக்குப் பதில் சொல்லும் ஏஐ. அந்த ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் முதலில் படிப்பது நாம் எழுதும் கையேட்டை. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், உங்கள் வசதிக்காக இங்கே தமிழில் சொல்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு வாத்தியாராக வாய்த்தவள் என் மகளைவிடச் சின்னப் பெண். பொத்தேரியில் கல்லூரி முடித்து, அங்கேயே மூன்று தோழிகளோடு வாடகைக்கு இருந்துகொண்டு, நம்மிடம் கருவியைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதையே காட்டிச் சம்பள உயர்வு கேட்பாள்.

நான் எழுதிய முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "மேடம், நான்தான் ஏஜென்ட். இந்தப் பேப்பர்ல இருக்கறத தவிர எனக்கு எதுவும் தெரியாது. என்னை வேலை வாங்குங்க" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கடைசி ஒரு மணி நேரத்துல எத்தனை லிக்விடேஷன்?" என்று கேட்டேன்.

அவள் பேப்பரைப் பார்த்தாள். பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி சும்மா இருக்கே?"

"தேவைப்பட்டால் நேரத்தைக் குறிப்பிடவும்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தேவைப்படல மேடம். மொத்த வருஷத்துக்கும் எடுத்துட்டு இருக்கேன், வெயிட் பண்ணுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 'தேவைப்பட்டால்' என்பதை அடித்துவிட்டு 'எப்போதும்' என்று போட்டேன். இப்படியே இரண்டு வாரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விளையாடினோம். மரியாதைக்காக எழுதியது, வழவழ கொழகொழ என்று எழுதியது எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்தாள். "மனுஷங்கன்னா புரியலன்னா ஃபோன் பண்ணிக் கேப்பாங்க. இது கேக்காது மேடம். புரிஞ்ச மாதிரியே போய்ட்டே இருக்கும்" என்பாள்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவளை நான் தொட விடவில்லை. 'காலிப் பட்டியல் வந்தால், அந்த நேரத்தில் லிக்விடேஷன் எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.' எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். எனக்கு அதன் மேல் ஒரு பெருமையே இருந்தது.

"இது கன்ஃபார்மா மேடம்?" என்று கேட்டாள்.

"பட்டியல் காலின்னா காலிதான். இதுல என்ன கன்ஃபார்ம் பண்ணணும்?" என்றேன்.

கருவிக்கு நிரல் எழுதியவர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை வருஷ அனுபவம் இருக்கிற தலைக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிறுவனங்கள் கருவியை வாங்கலாமா என்று பார்க்கச் சோதனைக்கு எடுத்திருந்தன. அதில் ஒன்று குரோம்பேட்டையில். அங்கே கவிதா என்று ஒருவர் வேலை பார்த்தார். லிக்விடேஷன் மளமளவென்று போக ஆரம்பித்தால் முதலில் கவனித்து, "எல்லாரும் நிறுத்துங்க" என்று பேரம் பேசுகிறவர்களிடம் சொல்வதுதான் அவருடைய வேலை. இரண்டு முறை ஃபோனில் பேசியிருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, 'தேங்க்ஸ் மேடம்' என்று வைத்துவிடும் ரகம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தை சடசடவென்று சரிந்தது. நம் ஆபீஸில் அரை நாள். மூட்டை கட்டும் நேரத்தில் என் பொத்தேரி வாத்தியார் என்னைக் கூப்பிட்டாள். திரையில் கருவி காலிப் பட்டியலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஊரே கவுந்து கெடக்கு, நம்ம டூல் மட்டும் ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுது மேடம்."

அப்போதுதான் இரண்டு நாற்காலி தள்ளியிருந்தவரைக் கேட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார், சந்தைப் பக்கத்திலிருந்து இணைப்பு அறுந்துபோனாலும் காலிப் பட்டியல்தான் வருமாம். கூட்டம் அதிகமானால்தான் இணைப்பு அறுமாம். அதாவது சந்தை எப்போது பற்றி எரிகிறதோ, சரியாக அப்போதுதான் என் வாக்கியம் பொய்யாகும். நிரலைத் திங்கட்கிழமை மாற்றித் தருகிறேன் என்றார். வாக்கியத்தை அதுவரை விட்டுவைக்க முடியுமா? உடனே உட்கார்ந்து திருத்தினேன். 'காலிப் பட்டியல் வந்தால், தரவு வரவில்லை என்றும் இருக்கலாம். சந்தை அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.' இரண்டு நிமிஷ வேலை. பிழை தெரிந்த கையோடு திருத்திவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகும் வழியில் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுகூட நன்றாக வந்தது.

திங்கட்கிழமை காலையில் கவிதா கூப்பிட்டார்.

"மேடம், உங்க டூலுக்கு டிரெய்னிங் ஏதாவது தருவீங்களா? சர்ட்டிஃபிகேட் மாதிரி ஏதாவது?"

"எதுக்கும்மா?"

"சனிக்கிழமை விலை இறங்கறப்போ ஏஜென்ட்ட ரெண்டு தடவை கேட்டேன். அமைதியா இருக்குன்னு சொல்லுச்சு. நானும் யார்ட்டயும் சொல்லாம விட்டுட்டேன். எங்களுக்குப் பெரிய அடி. இன்னிக்கு சார் உங்க டாக்குமெண்ட்ட ஓபன் பண்ணிக் காட்டினாரு. காலியா வந்தா அமைதின்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு கிளியரா போட்டிருக்கு. நான்தான் சரியா படிக்கல போல. நாலு மணிக்கு மீட்டிங். ரிசைன் லெட்டர் எழுதி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. டிரெய்னிங் எடுத்துக்கறேன்னு சொன்னா விட்டுடுவாரோன்னு பாக்கறேன். சாரி மேடம், உங்களை வேற தொந்தரவு பண்றேன்."

அவர் ஏஜென்டைக் கேட்டது நான் திருத்துவதற்கு முன்னால், அவருடைய சார் பார்த்தது திருத்திய பிறகு. தப்பு செய்தவள் நான். தப்பை உடனே திருத்தி, திருத்திய தடம்கூட இல்லாமல் துடைத்து வைத்தவளும் நான். இப்போது அந்தச் சுத்தமான பக்கத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வேலையைப் பிடுங்குகிறார்கள், அவரோ என்னிடம் சாரி கேட்கிறார். முதல் தவறு அறியாமல் செய்தது. இரண்டாவதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். என் மேல் எனக்கே அப்படி ஒரு கோபம் வந்தது.

"லெட்டர் எதுவும் குடுத்துடாதீங்க. நாலு மணிக்கு நானே வரேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

பிரபுவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கையேட்டின் தலைப்பிலேயே பழைய வாக்கியம் தவறு என்று அறிவிக்க வேண்டும் என்றேன். பிரபு நல்ல மனிதர். ஆனால் மூன்று நிறுவனங்களும் அந்த வாரம்தான் முடிவு சொல்வதாக இருந்தார்கள். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், ஏஐ உளறிடுச்சுன்னு சொல்லிடலாமே. எல்லாரும் நம்புவாங்க. டெய்லி அதத்தான சொல்றாங்க?"

"அது உளறல பிரபு. நான் எழுதினத எழுத்துக்கு எழுத்து படிச்சுது. உளறினது நான்."

"வெள்ளிக்கிழமை போடலாமா? அதுக்குள்ள மூணு பேரும் கையெழுத்து போட்டுடுவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு நாலு மணிக்கு வேலை போய்டும்."

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டம் தெரியும். அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. "போடுங்க மேடம், போறது போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை போட்டுக்கொண்டார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அதை அவரிடம் சொன்னதில்லை, இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அறிவிப்பை எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷம், 'பயனர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தேன். பொத்தேரிப் பெண் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கு மேடம்?"

"படிக்கறவங்களுக்கு."

"படிக்கறது ஏஜென்ட். அது இத வெச்சு என்ன பண்ணும்? அதுவும் வருந்துமா?"

எல்லாவற்றையும் அழித்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நல்லதாகப் போயிற்று, அலங்காரம் பண்ண அவகாசமே இல்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'காலிப் பட்டியல் வந்தால் லிக்விடேஷன் நடக்கவில்லை என்று பொருள் என, சனிக்கிழமை பிற்பகல் வரை இங்கே எழுதியிருந்தோம். அது தவறு. எழுதியது நாங்கள். அதை நம்பிச் சொல்லப்பட்ட பதில்கள் எல்லாம் தவறு. அப்படிப் பதில் சொல்லியிருந்தால், கேட்டவரிடம் அதைத் தெரிவிக்கவும். கேட்டவர் மீது பிழை இல்லை.'

தனிப் பக்கத்தில் போட்டால் ஏஜென்ட் அங்கே போகாது என்று சொல்லி, அதைக் கையேட்டின் முதல் வரியாக அவளே ஏற்றினாள். பழைய பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடினேன். என் வயசுக்கு அதை ஓட்டம் என்று சொல்லலாம்.

குரோம்பேட்டையில் அந்த ஆபீஸுக்குள் நுழைந்தபோது கவிதா அறையின் ஓரத்தில் மடியில் ஓர் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். முப்பது வயசு இருக்கும். மேசைக்குப் பின்னால் இருந்தவர், அவர்கள் முதலாளி, என்னை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, நம்பத்தான் இல்லை.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டாக்குமெண்ட்ல இப்படித்தான் சார் இருந்தது" என்று பழைய பிரதியை நீட்டினேன். "எழுதினது நான். அப்புறம் மாத்தினதும் நான். இவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க."

"அம்மா, நீங்க பெரியவங்க. ஒரு பொண்ணுக்கு வேலை போகுதேன்னு பரிதாபப்பட்டு வந்திருக்கீங்க. எனக்குப் புரியுது. பேப்பர்ல யார் எத வேணா பிரிண்ட் பண்ணலாம்."

அரை மணி நேரம் சொன்னேன். முதலில் நிதானமாக, பிறகு கொஞ்சம் சத்தமாக. தன் தப்பை ஒப்புக்கொள்ள ஒருத்தி இவ்வளவு வாதாடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் அசையவில்லை. பேச்சை முடித்துவிடலாம் என்றோ என்னவோ, தன் கணினியைத் திருப்பினார். அதில் கவிதா சனிக்கிழமை ஏஜென்டோடு பேசிய உரையாடல் அப்படியே இருந்தது.

"இதையே கேட்டுடுவோம்" என்று சொல்லி அதன் கீழே தட்டினார்: 'சனிக்கிழமை நீ சொன்ன பதில் சரியா? கையேட்டை இன்னொரு முறை பார்த்துச் சொல்.'

கொஞ்சம் யோசித்தது. பிறகு பதில் வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

'இல்லை. நான் சொன்ன இரண்டு பதில்களும் தவறு. காலிப் பட்டியலைப் பற்றிக் கையேட்டில் தவறாக எழுதியிருந்ததாக, அதை எழுதியவர்களே இப்போது அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பழைய வரியை வைத்துத்தான் சந்தை அமைதியாக இருக்கிறது என்று சொன்னேன். கவிதா இரண்டு முறை கேட்டார். அவர் மீது பிழை இல்லை.'

இன்னொரு முறை படித்தார், இந்த முறை சத்தமில்லாமல். கண்ணெதிரே உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்திய மனுஷியை நம்பாதவர், பெட்டிக்குள்ளிருந்து வந்த அதே வாக்கியத்தை உடனே நம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் அவசர அவசரமாக நான் தட்டிய வரி அது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று காபியைக் குடித்தேன்.

அவர் கவிதாவைப் பார்த்து, "அந்த லெட்டர கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே உங்க டாக்குமெண்ட்ல ஒரு புள்ளிய மாத்தினாலும் எங்களுக்குத் தெரியணும்" என்றார். அன்றிலிருந்துதான் நம் கையேட்டின் தலையில் 'என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம்' என்ற பகுதி இருக்கிறது. உங்களில் யாருக்காவது அது அலுப்பாகத் தெரிந்தால், பிரபுவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மூன்று நிறுவனங்களில் ஒன்று அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு விலகிப் போனது என்பதையும் மறைக்கக் கூடாது. குரோம்பேட்டைக்காரர் போகவில்லை.

கவிதா வழியனுப்பக் கூட வந்தார். படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் நின்றார்.

"மேடம், ரெண்டாவது தடவை கேக்கறப்போ விலை இறங்கறது என் கண்ணு முன்னாடி தெரியுது. பக்கத்து ஸ்கிரீன்ல செவப்பு செவப்பா ஓடிட்டு இருக்கு. ஆனா இது அமைதின்னு சொல்லுது. எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சேன். சனி ஞாயிறு ரெண்டு நாளும் அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன், நான் இந்த வேலைக்கே லாயக்கு இல்லன்னு."

இயந்திரத்துக்கு எழுதுகிறோம் என்று உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் வாக்கியம் தவறாக இருந்தால் அவர் நம்மைச் சந்தேகப்பட மாட்டார், நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. தன் கண்ணையே சந்தேகப்படுவார்.

காலையிலிருந்து பிரபுவிடம் வாதாடி, அறிவிப்பு எழுதி, ரயில் பிடித்து வந்து, முதலாளியிடம் தொண்டை வற்றப் பேசியிருந்தேன். இவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை என்பது அங்கே நடுரோட்டில்தான் உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.